கட்டளை வரிவழி கணினி விசிறிச் சோதனை

கட்டளை வரிவழி கணினி விசிறிச் சோதனை என்பது, கணினிப் பெட்டியைத் திறக்காமல், முனையத்தில் கட்டளைகளை இட்டு, குளிர்விக்கும் விசிறிகளின் நிலையை அறியும் முறையாகும். விசிறி சுழல்கிறதா, கட்டுப்பாட்டுக்கு இணங்குகிறதா, வெப்பத்தை உரிய அளவு வெளியேற்றுகிறதா என்னும் மூன்றும் இதில் சோதிக்கப்படுகின்றன. பல மேசைக் கணினிகளில் மின்வழங்கியின் விசிறி தாய்ப்பலகையுடன் இணைக்கப்படுவதில்லை. ஆகவே அது இச்சோதனைக்குள் அடங்காது.

இயங்கும் விதம்

நான்கு கம்பி விசிறியில் இரு கம்பிகள் 12 வோல்ட்டு மின்சாரத்தை வழங்குகின்றன. மூன்றாவது கம்பி, விசிறியின் ஒவ்வொரு சுற்றுக்கும் பொதுவாக 2 துடிப்புகளைத் திருப்பி அனுப்புகிறது. நிமிடத்திற்கு 2400 துடிப்புகள் வந்தால் விசிறி 1200 சுற்றுகள் சுழல்கிறது எனப் பொருள். நான்காவது கம்பி, சுமார் 25 கிலோஹெர்ட்சு அதிர்வெண்ணில் வரும் துடிப்புகளின் அகலத்தைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இவ்விரு பணிகளையும் தாய்ப்பலகையிலுள்ள கண்காணிப்புச் சில்லு கவனிக்கிறது.

லினக்சுக் கருனி இவ்வளவீடுகளைச் சாதாரண உரைக்கோப்புகளைப் போல் படிக்கத் தருகிறது. வேகக் கட்டளை 0 முதல் 255 வரையான எண்ணாக எழுதப்படும். 255 என்பது முழு வேகம்.

கருவிகள்

* சென்சார்ஸ்-டிடெக்ட்: கணினியிலுள்ள கண்காணிப்புச் சில்லுகளைத் தேடி, அவற்றுக்குத் தேவையான இயக்கிகளைக் கூறும்.
* சென்சார்ஸ்: வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறி வேகம் ஆகியவற்றைப் பட்டியலிடும்.
* பிடபிள்யூஎம்கான்ஃபிக்: எந்தக் கட்டுப்பாடு எந்த விசிறிக்கு உரியது என்பதைக் கண்டறியும்.
* ஐபிஎம்ஐடூல்: வழங்கிக் கணினிகளில், தனி மேலாண்மைச் சில்லின் மூலம் விசிறி அளவீடுகளையும் பழைய எச்சரிக்கைப் பதிவுகளையும் காட்டும்.

சோதனை முறை

முதலில் கணினி ஓய்வாக உள்ளபோது வெப்பநிலையும் விசிறி வேகமும் குறித்துக்கொள்ளப்படும். பின்னர் ஸ்ட்ரெஸ்-என்ஜி போன்ற கருவியால் செயலிக்குச் சில நிமிடங்கள் முழுச்சுமை தரப்படும். வெப்பநிலை ஏறும்போது விசிறி வேகமும் ஏற வேண்டும். சுமை நீங்கியதும் இரண்டும் இறங்க வேண்டும்.

பிடபிள்யூஎம்கான்ஃபிக் தன் சோதனைக்காக விசிறிகளை ஒவ்வொன்றாகச் சில நொடிகள் நிறுத்துகிறது. எனவே முழுச்சுமையில் உள்ள கணினியிலோ பலர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வழங்கியிலோ அதனை இயக்குதல் ஆபத்தானது. நிறுத்திய விசிறி மீண்டும் சுழலத் தொடங்கியதைச் சோதனை முடிந்ததும் உறுதி செய்தல் வேண்டும்.

அளவீடுகளின் பொருள்

சுழி எனக் காட்டுவதால் மட்டும் விசிறி பழுதடைந்தது எனக் கொள்ள இயலாது. விசிறி இணைக்கப்படாத முனையும் சுழியையே காட்டும். இரு கம்பி விசிறிக்கு வேகத்தைத் தெரிவிக்கும் கம்பியே இல்லை. குறைந்த வெப்பநிலையில் விசிறியைத் தாமே நிறுத்திவிடும் கணினிகளும் உண்டு. சுமையிலும் சுழி மாறாது, வெப்பநிலை மட்டும் விரைவாக ஏறினால் பழுது எனக் கருதலாம்.

இதற்கு மாறாக, விசிறி முழு வேகத்தில் சுழன்றும் வெப்பம் வெளியேறாமல் போகலாம். வெப்பத்தணிப்பியின் தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருப்பதும், செயலிக்கும் தணிப்பிக்கும் இடையிலுள்ள வெப்பப்பசை உலர்ந்திருப்பதும் இதற்குப் பொதுவான காரணங்கள். இந்நிலையில் விசிறியை மாற்றுவதால் பயனில்லை. வெப்பம் வரம்பை எட்டும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைக்கும். மேலும் ஏறினால் கணினி திடீரென நின்று, சேமிக்கப்படாத பணி இழக்கப்படும்.

செட்டிநாட்டுச் சூழலில்

சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடியில், 1953-இல் திறக்கப்பட்ட நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் 1985-இல் நிறுவப்பட்ட அழகப்பா பல்கலைக்கழகமும் அமைந்துள்ளன. இவ்வட்டாரம் வெப்பமும் வறட்சியும் மிக்கது. குளிரூட்டப்படாத அறையில் வைக்கப்பட்ட கணினியைச் சோதிக்கும்போது இது கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

விசிறி வேகமும் சுமையும் மாறாதபோது, அறை வெப்பநிலை எவ்வளவு உயர்கிறதோ ஏறத்தாழ அவ்வளவே செயலியின் வெப்பநிலையும் உயரும். எடுத்துக்காட்டாக, 25 பாகை செல்சியசு அறையில் 65 பாகை காட்டும் செயலி, 38 பாகை அறையில் சுமார் 78 பாகை காட்டும். இரு நேர்வுகளிலும் வேறுபாடு 40 பாகையே. விசிறியில் குறை ஏதுமில்லை. அதே அறை வெப்பநிலையில், அதே சுமையில் இவ்வேறுபாடு 55 பாகையாக வளர்ந்தால் குளிர்விப்பு குன்றியுள்ளது எனலாம். ஆகவே செயலியின் வெப்பநிலையுடன் அறையின் வெப்பநிலையையும் சேர்த்துப் பதிவு செய்வது நம்பகமான முறையாகும்.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இவ்வியங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஆகையால் டெபியனுக்குரிய மேற்கண்ட கருவிகளை அதிலும் நிறுவ இயலும். எனினும் பல மடிக்கணினிகள் விசிறி வேகத்தை இயங்குதளத்துக்குத் தெரிவிப்பதில்லை. அவற்றில் வெப்பநிலையின் ஏற்ற இறக்கத்தையும், காற்றுப்புழையில் வெளிவரும் காற்றையும் கொண்டே விசிறியின் நிலையை அறிதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* தாய்ப்பலகை
* மையச் செயலி
* லினக்சுக் கருனி
* பாஸ் லினக்சு