சித்ரா மரணம்: தெரிந்தது எது, திரிந்தது எது?

‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக நடித்த வி.ஜே. சித்ராவைப் பற்றிப் பேச்செடுத்தால், மலேசியாவின் புந்தோங்கில் இன்றும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “அது கொலைதானே?” கேட்பவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

என்ன நடந்தது?

2020 டிசம்பர் 9 அதிகாலை, சென்னை பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை விடுதியில் சித்ரா இறந்தார். வயது 28. இரவு படப்பிடிப்பை முடித்துத் திரும்பியிருந்தார். அண்மையில்தான் ஹேம்நாத்துடன் பதிவுத் திருமணம் நடந்திருந்தது. சித்ரா உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதே பிரேதப் பரிசோதனையின் முடிவு. பெற்றோர் அதை ஏற்கவில்லை.

கோட்டாட்சியர் ஏன் விசாரித்தார்?

மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால், இந்தியாவில் காவல்துறையோடு வருவாய்க் கோட்டாட்சியரும் விசாரிப்பார். வரதட்சணைக் கொடுமை நடந்ததா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு அது. கோட்டாட்சியர் விசாரித்தார் என்பதாலேயே கொலை என்று ஆகிவிடாது.

வழக்கு என்ன ஆனது?

தற்கொலைக்குத் தூண்டியதாக ஹேம்நாத் கைதானார். சித்ரா எப்படி இறந்தார் என்பதை உடற்கூறாய்வு சொல்லிவிடும். அதற்கு இன்னொருவர் பொறுப்பா என்பதைச் சாட்சியமும் ஆவணமும்தான் சொல்ல வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று 2024 ஆகஸ்டில் திருவள்ளூர் மகளிர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்குப் பிறகும் அவரைக் கொலைகாரர் என்று எழுதுவது அநியாயம்.

வதந்தி ஏன் ஓயவில்லை?

‘பசி’ படத்துக்குத் தேசிய விருது வாங்கிய நடிகை ஷோபா 1980-இல், 17 வயதில் இறந்தார். அவரைப் பற்றிய ஊகங்கள் இன்னும் ஓயவில்லை. திரையில் தினம் பார்த்த பெண்ணை நம் வீட்டுப் பிள்ளையாகவே நினைக்கிறோம். அவள் சாவுக்கு உடனே ஒரு காரணம் வேண்டும், ஒரு குற்றவாளி வேண்டும். ஆனால் இத்தகைய மரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. புலனத்தில் ஒவ்வொரு ஊகமும் சுற்றிவரும்போது, பெற்ற தாய் மகளை மறுபடியும் இழக்கிறாள்.

நமக்கு இதில் என்ன?

2024 ஜூலையில் சமூக ஊடகப் பிரபலம் ஏஷா, இணையப் பகடிவதைக்குப் பின் கோலாலம்பூரில் இறந்தார். அது தொடர்பான வழக்கில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். மலேசிய இந்தியர்கள் கொதித்தார்கள். தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலையில் நடப்புக்கு வந்தது. ஒருவரைச் சீண்டித் தற்கொலைக்குத் தள்ளினால் இப்போது பத்து ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம்.

ஒரு நடிகை இறந்த செய்தி வந்தால், அனுப்பியது யார், மூலம் எது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் கைப்பேசியோடு அது நிற்கட்டும். மனம் தாங்காத பாரத்தில் இருப்பவர்கள் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555-ஐ அழைத்துப் பேசலாம்.