மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி

வலியசாலையிலிருந்து பாளையம் பக்கம் தினமும் போய் வருகிறோம். அங்கே ஒரு குன்றின் மேல், சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் ஏற்படுத்திய வானாய்வுக்கூடம் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வணிகப் பிரதிநிதியாக இருந்த ஜான் கால்டிகாட், சொந்தக் கருவிகளை வைத்து வானம் பார்த்துவந்தவர். அதைக் கண்டு மகிழ்ந்த மகாராஜா அவரையே முதல் இயக்குநராக நியமித்தார். அவருக்குப் பின் வந்த ஜான் ஆலன் பிரவுன், 1850-களில் அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக் காந்த அளவீடுகள் எடுத்தார். ஆக, இந்த ஊரில் தொலைநோக்கி புதுச் சரக்கு அல்ல.

இதை எழுதத் தூண்டியது என் பேரன். பிறந்தநாளுக்கு அவனுக்கு ஒரு தொலைநோக்கி வந்தது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '525 மடங்கு' என்று போட்டிருந்தது. முதல் நாள் ராத்திரியே மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அரைமணி கழித்து இறங்கி வந்து, "தாத்தா, சனிக்கு வளையம் இருக்குன்னு சொன்னேளே, ஒண்ணுமே தெரியலையே!" என்றான். நாலு நாளில் அது பரணுக்குப் போய்விட்டது. போனது பணம் மட்டுமா? ஒரு குழந்தையின் ஆசையும் கூடவே போயிற்று.

தப்பு எங்கே? அந்தக் கருவியின் முன்லென்ஸ் 60 மி.மீ. அகலம், குவியத் தூரம் 700 மி.மீ. 700-ஐக் கண்ணருகு லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். 20 மி.மீ. லென்ஸ் போட்டால் 35 மடங்கு. 4 மி.மீ. போட்டு, மூன்று மடங்கு பார்லோ லென்ஸையும் சொருகினால் 525. கணக்கு சரிதான், ஆனால் காட்சி வராது. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு இரண்டு மடங்குதான் உச்சவரம்பு என்பது பொது விதி. 60 மி.மீ.க்கு 120, அதற்கு மேல் போனால் மங்கலும் ஆட்டமும்தான் பெரிதாகும்.

எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை மடங்கு?" அல்ல, "எத்தனை அகலம்?" என்பதே. ஒளி சேர்க்கும் திறன் அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 150 மி.மீ. கண்ணாடி, 60 மி.மீ. லென்ஸைவிட ஆறு மடங்குக்கு மேல் ஒளி திரட்டும். அடுத்து கால் உறுதி. தொட்டால் நடுங்கும் முக்காலியில் எவ்வளவு நல்ல லென்ஸும் வீண். ஆறு அங்குல டாப்சோனியன், அதாவது தரையில் உட்காரும் மரப்பெட்டித் தாங்கியில் திரும்பும் கண்ணாடித் தொலைநோக்கி, காசுக்குத் தகுந்த முதல் கருவி. கண்ணாடிகள் நேராக இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும். நிலவின் பள்ளங்களும் கார்த்திகைக் கூட்டமும் அழகாகத் தெரியும்.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. திருவனந்தபுரம் சுமார் 8.5 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அதே 8.5 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பாதி வீடுகளில் தென்னை மறைத்துவிடும். நீண்ட நேரப் படம் எடுக்க, பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துச் சுழற்றும் தாங்கி தேவை. வடதேசங்களுக்கென்று செய்த பல தாங்கிகள் இவ்வளவு தாழச் சாயாது. எதிர்எடை முக்காலியில் இடிக்கும். "எட்டு டிகிரிக்கு இறங்குமா?" என்று கேட்காமல் வாங்கக்கூடாது.

நஷ்டத்துக்கு ஈடாக லாபமும் உண்டு. நாம் அகத்தியர் என்று சொல்லும் நட்சத்திரம் தில்லியில் ஒன்பது டிகிரி உயரம்கூட ஏறாது. இங்கே சுமார் 29 டிகிரி ஏறும். ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்து 34 டிகிரி. மழைக்கு முன், ஏப்ரல், மே ராத்திரிகளில் தெற்கே பாருங்கள். பொதுவாக டிசம்பர் முதல் மார்ச் வரை நம் வானம் தெளிவு. சாலைக்கடைத் தெரு வெளிச்சத்தில் நெபுலா தேடி ஏமாற வேண்டாம். நிலவுக்கும் கிரகங்களுக்கும் நகர வெளிச்சம் தடையில்லை. பகல் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரி சூட்டைக் கக்கி உருவத்தை அலைக்கழிக்கும். கருவியை அரைமணி முன்பே வெளியே வைத்து, ஒன்பது மணிக்கு மேல் பார்த்தால் நல்லது.

படம் எடுக்க ஆசையா? கைப்பேசியைக் கண்ணருகு லென்ஸில் பொருத்தும் பிடிப்பான் கிடைக்கும், நிலவில் தொடங்குங்கள். சாதாரண முக்காலியில் கேமரா வைத்து நட்சத்திரம் எடுப்பவர்களுக்கு ஒரு சுலபக் கணக்கு: 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதே விநாடி. சிறிய சென்சார் கேமராவில் அந்தக் குவியத் தூரத்தை முதலில் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதை மீறினால் நட்சத்திரம் கோடாக நீளும்.

இரண்டு எச்சரிக்கை. நம் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். பனி காய்ந்த பிறகே மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். வேஷ்டி நுனியால் துடைக்காதீர்கள். மற்றது கண் விஷயம். 2010 ஜனவரி 15 அன்று நம் ஊரில் வளைய கிரகணம் தெரிந்ததே, நினைவிருக்கும். சூரியனைப் பார்க்கத் தரமான வடிகட்டியைக் குழாயின் முன்பக்கம்தான் பொருத்த வேண்டும். கண்ணருகு லென்ஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கலாம். பார்வை போனால் திரும்பாது. குழந்தைகளைப் பகலில் கருவியோடு தனியே விடவே கூடாது.

பேரன் கதைக்கு வருவோம். பரணிலிருந்து கருவியை இறக்கினேன். பார்லோவை எடுத்து வைத்துவிட்டு 20 மி.மீ. லென்ஸ் மட்டும் போட்டு, முக்காலியில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். முதலில் நிலவு, அடுத்து வியாழனும் பக்கத்தில் நாலு நிலாவும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பு காட்டி ஏறக்குறைய மறைந்தது. இனி 2032 வரை வருஷத்துக்கு வருஷம் விரியும். அதைச் சொன்னதும் அவன் நோட்டை எடுத்துத் தேதி போட்டு வரைய ஆரம்பித்துவிட்டான். "அப்போ எனக்குப் பதினேழு வயசு தாத்தா" என்றான். அதுவரை அந்தப் பெட்டி பரணேறாமல் இருந்தால் போதும்.