நோட்டில் ஏறாத மொய்

உடல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2023 செப்டம்பர் 23 அன்று அறிவித்தார். சில நாட்களிலேயே, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள சின்னமனூரில் அந்த அரசு மரியாதை முதன்முதலாக நடந்தது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உறுப்புகளைக் குடும்பத்தார் கொடுத்திருந்தார்கள். அப்போதே ஒரு கேள்வியும் எழுந்தது: மரியாதை தந்தால் கொடுப்பார்கள் என்றால், அது தானம்தானா?

இந்தக் கேள்விக்கு மூளைக்குள் பதில் தேடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆக்சிடோசினை ‘அன்பு ஹார்மோன்’ என்று கொண்டாடினார்கள். அதை மூக்கில் அடித்துக்கொண்டவர்கள் அந்நியரை அதிகம் நம்பினார்கள் என்றது 2005-ல் வந்த சூரிச் ஆய்வு. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு உறுதியாகக் கிடைக்கவில்லை. ஈகை ஒரு சொட்டு மருந்தில் இல்லை.

ஈகை பற்றிய ஆய்வின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சொந்த ரத்தத்துக்கு உதவுவது ஏன் பரிணாமத்தில் நிலைக்கிறது என்பதை 1964-ல் உயிரியலாளர் ஹாமில்டன் கணக்காகக் காட்டினார். ரத்த உறவே இல்லாதவருக்கு உதவினால் அது ஒருநாள் திரும்பி வரும் என்பதை 1971-ல் இன்னோர் உயிரியலாளர் டிரிவர்ஸ் விளக்கினார்.

டிரிவர்ஸின் கணக்கு தேனிப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. இங்கே காதணி விழா என்றால் செய்முறை உண்டு. மேசையில் மொய் நோட்டு, பக்கத்தில் பணம் எண்ணுகிறவர், மைக்கில் பெயரும் ஊரும் தொகையும். வாங்கியவர் அடுத்த விழாவில் திரும்பச் செய்ய வேண்டும்; முடிந்தால் கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் பழைய நோட்டு பீரோவிலிருந்து வெளியே வரும். உறுப்பு தானத்தை இந்த நோட்டில் எழுதிப் பாருங்கள். செய்தவர் போய்விட்டார். வாங்கியவர் யார் என்று குடும்பத்துக்குச் சொல்லப்படாது. திரும்பச் செய்யத் தேதியும் இல்லை, பந்தலும் இல்லை. வரவுப் பத்தி நிரந்தரமாகக் காலி. மிச்சம் இருப்பது அரசு மரியாதை என்ற மைக் ஒன்றுதான்.

என்னை வியக்க வைப்பது அந்த மைக்தான். ஒருவர் உதவும்போது பார்க்கிறவர்கள் மனத்தில் ‘இவர் எதற்காகச் செய்கிறார்?’ என்ற கேள்வி ஓடுகிறது. உதவுகிறவருக்கும் அது தெரியும். உதவிக்குக் காசு தந்தால் பதில் குழம்பிவிடுகிறது: மனசா, பணமா? பெனபூ, திரோல் என்ற இரு பொருளியலாளர்கள் 2006-ல் இதைக் கோட்பாடாக்கினார்கள். நடத்தைப் பொருளியலாளர் ஆரியலியும் கூட்டாளிகளும் 2009-ல் சோதனையாகச் செய்து காட்டினார்கள். கீபோர்டில் இரண்டு எழுத்துகளை மாற்றி மாற்றித் தட்டினால் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் சேரும். சிலருக்குத் தனியாகக் கூலியும் உண்டு. யாரும் பார்க்காதபோது கூலி வாங்கியவர்கள் கூடுதலாகத் தட்டினார்கள். பிறருக்குத் தெரியும் என்றபோது கூலியால் பலன் இல்லாமல் போனது.

சுவீடனின் கோத்தன்பர்க்கில் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ரத்தக் கொடையாளராகச் சேர, பணம் பற்றிய பேச்சே இல்லாதபோது 52 சதவீதப் பெண்கள் முன்வந்தார்கள். 50 குரோனர் தருகிறோம் என்றதும் 30 சதவீதமானது. விரும்பினால் அந்தப் பணத்தைப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்றதும் 53 சதவீதத்துக்குத் திரும்பியது. ஆண்களிடம் அந்த மாற்றம் தெளிவாக இல்லை. இது 2008-ல் வந்த, மாணவர்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. உண்மையான ரத்த முகாம்களில் பரிசுப் பொருட்கள் பெரும்பாலும் கொடையைக் கூட்டவே செய்கின்றன. ஆகவே ‘பணம் ஈகையைக் கொல்லும்’ என்ற பெரிய வாக்கியத்தை நம்பாதீர்கள். இத்தாலியில் ரத்தக் கொடையாளர்களுக்குப் பதக்கங்கள் உண்டு. அங்கே கொடையை விரைவுபடுத்தியது நாளிதழில் பெயர் போட்டு, விழா மேடையில் கொடுத்த பதக்கங்கள்தான்.

இனி சின்னமனூருக்கு வருவோம். உறுப்பு விற்பனையை 1994-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. ஆனாலும் ஓர் ஊரில் உறுப்பு கொடுத்தார்கள் என்று தெரிந்தால், ‘எவ்வளவு வாங்கினார்களோ’ என்று ஒரு வாய் கேட்கும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு அதைவிடக் கொடிய சொல் இல்லை. மாவட்ட நிர்வாகமே வந்து தெருவில் மாலை வைக்கும்போது அந்த வாய் மூடிக்கொள்கிறது. மரியாதை ஈகையை விலைக்கு வாங்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஈகையைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றுகிறது. அதனால் அது தானம்தான் என்பது என் முடிவு.

ஆனால் மரியாதை வந்ததாலேயே தானம் பெருகிவிட்டது என்று யாராவது வரைபடம் காட்டினால் நிதானமாகப் பாருங்கள். 1989 முதல் உறுப்பு தானத்தில் ஸ்பெயின் உயர்ந்தது விழாக்களால் அல்ல. ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளரை உட்கார வைத்ததால். நம் நாட்டில் மூளைச்சாவைக் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிப்படுத்துகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருக்கும் மனைவியிடமும் அண்ணனிடமும், இறப்பை முதலில் புரியவைத்து, அழ விட்டு, பிறகுதான் தானம் பற்றிக் கேட்க வேண்டும். இறந்தவர் எப்போதாவது வீட்டில், ‘எனக்கு ஏதாவது ஆனால் கொடுத்துவிடுங்கள்’ என்று சொல்லியிருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவர்களுக்கு எளிதாகிறது.