அல்சூரில் ஒரு பாம்ப்லோனாப் பெண்

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய பட்டியலில் பதினோரு இடங்கள் இருந்தன. நந்தி மலை, அடிவாரக் கோயில், பெங்களூரு அரண்மனை, திப்புவின் கோடை மாளிகை, விதான சௌதா, கப்பன் பார்க், லால்பாக் என்று நானும் மனைவியும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து போட்டது. கையில் இருப்பதோ ஒரு சனி, ஒரு ஞாயிறு. இந்தப் பெங்களூர் டிராஃபிக்கில் முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவன் போடுகிற கணக்கா இது? வெளிநாட்டுப் பிள்ளை வீட்டுக்கு வருகிறது என்றால் நமக்குள் ஒரு டூரிஸ்ட் கைடு வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

வந்தவள் ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரத்துப் பெண். பதினேழு வயது. மாணவப் பரிமாற்றத் திட்டத்தில், என் மகள் படிக்கும் பி.யு. கல்லூரியில் சில மாதங்கள் படிக்க வந்தவள். பெயர் இங்கே வேண்டாம். அம்மா முதல் நாளே “கண்ணு” என்று கூப்பிட்டுவிட்டார், வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

இத்தகைய திட்டங்களில் பழையவற்றில் ஒன்று ஏ.எஃப்.எஸ். 1915-ல், முதல் உலகப் போரில், பிரான்ஸில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு அது. இரண்டாவது போரும் முடிந்த பிறகு, 1947 முதல், பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்ப ஆரம்பித்தார்கள். ரோட்டரி சங்கங்களும் பல பத்தாண்டுகளாக இதைச் செய்துவருகின்றன. வைத்துக்கொள்ளும் வீட்டுக்குப் பெரும்பாலும் பணம் ஏதும் கிடையாது. சோறு போட வேண்டும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க வேண்டும், ராத்திரி நேரத்தோடு வராவிட்டால் திட்டவும் வேண்டும். கூடவே, வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அரசாங்கப் படிவம் நிரப்ப வேண்டும். என் அவசரத்தில் அவள் பிறந்த வருஷத்தை மாற்றித் தட்டி, அவளை என்னைவிட மூத்தவளாக்கி, மறுபடி உட்கார்ந்து திருத்தினேன்.

முதல் சிக்கல் வாசலிலேயே. ஸ்பெயினில் பெண்களைப் பார்த்தால் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு முத்தம் என்பது சாதாரண வணக்கம். எழுபத்தெட்டு வயது அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. முதல் கன்னத்தில் திகைத்து, இரண்டாவதில் சிரித்துவிட்டார். அடுத்தது செருப்பு. அவர்கள் வீட்டில் வெறுங்காலோடு நடந்தால் அம்மாக்காரி கத்துவாளாம், தரையின் ஜில்லிப்பு ஏறிச் சளி பிடிக்கும் என்று. வீட்டுக்குள் போடவே தனிச் செருப்பு உண்டு, பெட்டியில் கொண்டுவந்தும் இருந்தாள். எங்கள் அம்மா அதைப் பார்த்த பார்வையில் அது திரும்பப் பெட்டிக்கே போய்விட்டது.

அவள் வந்து இரண்டு மாதம் ஆனபிறகு, பட்டியல் போட்ட அந்தச் சனிக்கிழமை காலை நாலு மணிக்கு நந்தி மலைக்குக் கிளம்பினோம். ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டர், 1,478 மீட்டர் உயரம், சூரிய உதயத்துக்குப் பேர்போன இடம். நவம்பர் கடைசி. நாம் நினைத்ததையே பெங்களூரில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். கீழே வாசலில் கார்களின் சிவப்பு விளக்கு வரிசைதான் அன்றைக்கு நாங்கள் பார்த்த உதயம். மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரே பனிமூட்டம். பக்கத்தில் நின்ற மகளே மங்கலாகத்தான் தெரிந்தாள். நான் மன்னிப்புக் கேட்கிற தொனியில் ஏதோ சொன்னேன். அவள் எலுமிச்சை தேய்த்து மிளகாய்ப்பொடி தூவிய சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டு, “எங்கள் ஊர் மலையும் காலையில் இப்படித்தான் இருக்கும்” என்றாள்.

அவள் வாயடைத்து நின்றது மேலே அல்ல, கீழே. அடிவாரத்தில் போக நந்தீஸ்வரர் கோயில், 9-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அங்கே அருணாசலேஸ்வரருக்கும் ஒரு சந்நிதி உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்ணான அம்மா அதன் முன்னால் நின்று, சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவளோ நந்தியை விட்டு நகரவில்லை. பாம்ப்லோனா காளைகளின் ஊர். சான் ஃபெர்மின் திருவிழாவில் ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை எட்டு மணிக்குத் தெருவில் காளைகளை அவிழ்த்துவிடுவார்கள். வெள்ளைச் சட்டையும் சிவப்புக் கழுத்துத்துணியுமாக ஜனம் முன்னால் ஓடும். முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம், இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும்.

“இது ஏன் உட்கார்ந்திருக்கிறது?” என்று கேட்டாள். சிவனைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்றேன். ஜல்லிக்கட்டைப் பற்றிச் சொல்லி, செல்லில் அலங்காநல்லூர் வீடியோவும் காட்டினேன். “முடிந்ததும் காளையை என்ன செய்வீர்கள்?” வீட்டுக்கு ஓட்டிப்போய்த் தீனி வைப்பார்கள் என்றதும் ஒரு கணம் பேசாமல் இருந்தாள். காலையில் ஓடிய காளைகளை அவள் ஊரில் மாலையில் அரங்கத்தில் கொன்றுவிடுவார்கள். “அப்பா பார்க்கப் போவார். நான் போவதில்லை” என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது ஐதராபாத் நெடுஞ்சாலையைத் தொட்டோம். அந்தப் பக்கம் போனால் அனந்தபூர் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாதாரண ஸ்பானியருக்கு பெங்களூரைவிட அனந்தபூர் நெருக்கம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பார்சிலோனாவில் பிறந்த விசென்ட் ஃபெரர் இயேசு சபைத் துறவியாக இந்தியா வந்து, 1968-ல் வெளியேற்றப்பட்டு, அடுத்த வருஷமே திரும்பி வந்து, மழையில்லாத அனந்தபூரில் மனைவி ஆனியோடு தங்கிவிட்டவர். ஆர்.டி.டி. என்கிற அவருடைய அமைப்பு கட்டிய வீடுகள், பள்ளிகள், பத்தலபல்லி ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பின்னால் ஸ்பெயினின் சாதாரணக் குடும்பங்கள் மாதாமாதம் அனுப்பும் சின்னத் தொகைகள் இருக்கின்றன. 2009-ல் அவர் அங்கேயே இறந்தார். அடுத்த வருஷம் டென்னிஸ் வீரர் நடால் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு டென்னிஸ் பள்ளி திறந்தார். இவளுடைய அத்தை ஒருத்தி, அங்கே ஒரு குழந்தையின் படிப்புக்குப் பல வருஷமாகப் பணம் கட்டுகிறாளாம். அந்தக் குழந்தையின் போட்டோ அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் என்றாள். அங்கேயும் ஃப்ரிட்ஜ் கதவுதான்.

சாயங்காலம் வீட்டில் இன்னொரு கூத்து. “அலமாரியில தட்டு இருக்கு, எடுத்து மேசை மேல வை” என்று அம்மா பேத்திக்குச் சொன்னார். பேத்தி செல்லில் இருந்தாள். இந்தப் பெண் எழுந்து, நேரே அலமாரியைத் திறந்து, தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். அம்மாவுக்கு ஒரே பெருமை: “பாத்தியா, ரெண்டு மாசத்துல தமிழ் வந்துடுச்சி.” விஷயம் என்னவென்றால், ஸ்பானிஷிலும் அது அர்மாரியோ, இது மேசா. போர்ச்சுக்கீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொற்கள். அவர்களுடைய பேச்சும் ஸ்பானிஷும் பங்காளிகள். அன்று இரவு இரண்டு பெண்களும் பாதிரி, சப்பாத்து என்று தேடித் தேடி எழுதினார்கள். ஜன்னலும் சாவியும் போர்ச்சுக்கீசியம்தான் என்றாலும் அவள் காதில் ஏறவில்லை.

சிவாஜி நகர் மாதா கோயிலுக்கு அழைத்துப் போனபோது நான் பெரிதாக எதிர்பார்த்தேன். சேலை கட்டிய மாதாவைப் பார்த்து அசந்துபோவாள் என்று. அவள் சாதாரணமாகத் தலையாட்டினாள். பக்கத்துப் பிரதேசத்துச் சரகோசாவில் பிலார் மாதாவுக்குப் பெரும்பாலான நாட்கள் புதுசு புதுசாக அங்கி மாற்றுவார்களாம். ஆனால் கிளீவ்லேண்ட் டவுன் வழியாக வரும்போது, “இது சவேரியார் கோயில்” என்று மகள் காட்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சவேரியார், சேவியர், ஹவியேர். முத்துக்குளித்துறைப் பரதவரிடம் 1542-ல் வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார் அவள் பிரதேசமான நவார்ராவில், ஹவியேர் என்ற கோட்டையில் பிறந்தவர். மார்ச் மாதம் பாம்ப்லோனாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு ஜனங்கள் அங்கே நடந்தே போவார்கள், நம் பழனிப் பாதயாத்திரை மாதிரி. பாட்டியோடு இவளும் ஒருமுறை நடந்து, காலெல்லாம் கொப்புளமாம். தம்பி பெயரும் ஹவியேர். வாசலில் நின்று அவனுக்கு ஒரு செல்ஃபி அனுப்பினாள்.

ஞாயிறு காலை லால்பாக். ஹைதர் அலி 1760-ல் போட்ட தோட்டம், 1889-ல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை என்று ஒப்பித்துக்கொண்டு வந்தேன். அவள் பாறை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருஷம். உச்சியில் கெம்பே கௌடர் பெயர் சொல்லும் சின்ன கோபுரம். ஊர் இதோடு முடிய வேண்டும் என்று வைத்த எல்லை அது என்றேன். நாலு பக்கமும் அடுக்கு மாடிகளைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள்.

பிறகு எம்.டி.ஆர். 1924-ல் தொடங்கிய ஓட்டல். போர்க்காலத்தில் அரிசி கிடைக்காதபோது ரவையை வைத்து இட்லி செய்து பார்த்தவர்கள். பெயரைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஸ்பெயினில் கடைக்குள் நுழைகிறவர் “கடைசி யார்?” என்று கேட்டு, அந்த ஆளை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாமாம். இங்கே அப்படி நின்றால் இட்லி தீர்ந்துவிடும் என்றாள் என் மனைவி.

பட்டியலில் இல்லாத இடம் ஒன்று அதற்கப்புறம் வந்தது. கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்களுக்கு பசவனகுடியில் கடலேகாயி பரிஷே, நிலக்கடலைத் திருவிழா. முந்தின நாளே புல் டெம்பிள் ரோட்டில் சாக்கு விரித்து, கடலையை மலை மலையாகக் குவித்துவிடுவார்கள். பச்சை, வறுத்தது, அவித்தது. படியால் அளந்து காகிதத்தில் கொட்டும்போது வரும் சடசடச் சத்தத்தை அவள் செல்லில் பதிவு செய்துகொண்டாள். முன்னொரு காலத்தில் இங்கே ஒரு காளை கடலைக் கொல்லையை மேய்ந்து நாசம் செய்ததாம். அதற்காகத்தான் கோயில் கட்டி முதல் விளைச்சலைக் காளைக்கே படைக்கிறார்கள் என்பது கதை. மறுபடி காளை. ஒரே கல்லில் செதுக்கிய, ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேலான காளை. “இந்த ஊரில் திருடின காளைக்கும் சாப்பாடு போடுகிறீர்கள்” என்றாள்.

கூறுகட்டியிருந்த கடலையை அம்மா எடுத்து உடைத்து, “மல்லாட்ட நல்லா முத்தியிருக்கு” என்றார். எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம் அதுதான் பேச்சு. மல்லாட்டை என்றால் மணிலாக்கொட்டை. மணிலா என்று கேட்டதும் கண்ணு திரும்பிப் பார்த்தாள். தென் அமெரிக்காவில் விளைந்த கடலை, ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸின் மணிலா துறைமுகத்தின் பெயரைத் தூக்கிக்கொண்டு நம் கொல்லைக்கு வந்திருக்கிறது. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. பெங்களூரு மரத்தடியில், கன்னடத் திருவிழாவில், ஒரு தமிழ்க் கிழவியின் வாயில் தன் நாட்டுக் கப்பலின் மிச்சம் இருக்கும் என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே அதுவரை தோன்றியதில்லை. இரண்டு படி வாங்கினோம். அரண்மனையும் திப்பு மாளிகையும் அத்தோடு விட்டுப்போயின. திப்பு மாளிகையில் அவளுக்கு மட்டும் நம்மைப்போல் பத்து மடங்குக்கும் மேல் டிக்கெட் என்பதால் எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை.

காரில் அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் பலகைகளைப் பற்றி. கடைப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்ற சட்டம் 2024-ல் வந்ததைச் சொன்னேன். இதைப் புரியவைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன், தேவைப்படவில்லை. அவள் ஊருக்கே இரண்டு பெயர்: ஸ்பானிஷில் பாம்ப்லோனா, பாஸ்க் மொழியில் இருன்யா. ஃபிராங்கோ காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாஸ்க் பேசியதற்காக அவள் பாட்டி அடி வாங்கியிருக்கிறாள். “நீங்கள் வீட்டில் தமிழ், பால்காரரிடம் கன்னடம், ஆட்டோக்காரரிடம் உருது, வாட்ச்மேனிடம் இந்தி. அவர்கள் யாரும் உங்களைக் கோபித்துக்கொள்வதில்லையா?” என்றாள். எப்போதாவது என்றேன். 1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, இதே அல்சூரில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் இருந்ததை நான் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டார். சொல்லி முடித்து, “அப்ப எங்களுக்குப் பால் கொண்டாந்து குடுத்தது எதிர்வீட்டு கன்னடக்காரம்மாதான்” என்றும் சேர்த்தார்.

பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல் ஏரிப் பக்கம் நடந்தோம். திருவள்ளுவர் சிலைக்கு முன்னால் நின்று, தாடிக்காரர் யார் என்றாள். சொன்னேன். 1991-லேயே வந்துவிட்ட சிலை, எதிர்ப்பினால் திறக்கப்படாமல் 18 வருஷம் மூடியே கிடந்தது. நாங்கள் தினமும் நடைபோகும்போது பார்த்தது ஒரு மூட்டையைத்தான். கடைசியில் இரண்டு அரசுகளும் பேசி முடித்து, 2009 ஆகஸ்ட் 9-ல் இங்கே வள்ளுவரைக் கருணாநிதி திறந்தார், எடியூரப்பா உடனிருந்தார். நாலு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது.

கொஞ்சம் யோசித்தாள். “அப்படியென்றால் இவரும் எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்ட். விசாவுக்கு 18 வருஷம்.”

எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கிறேன் அந்தச் சிலையைப் பற்றி. இதை யாரும் சொன்னதில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ கால். அங்கே மாலை ஐந்து, அவர்கள் ‘மெரியெண்டா’ சாப்பிடும் நேரம், நம் டிபன் மாதிரி. அவள் ஹாலில் தரையில் சம்மணம் போட்டு, எதிரே அவித்த மல்லாட்டையைக் குவித்துக்கொண்டு, செல்லைத் திருப்பித் திருப்பி வீட்டைக் காட்டினாள். திடீரென்று அந்தப் பக்கம் அம்மாக்காரியின் குரல் உயர்ந்தது. மகளிடம் என்னவென்று கேட்டேன். “வெறுங்காலோட இருக்காளாம், செருப்பு எங்கேன்னு திட்டறாங்க.”

அம்மா குனிந்து திரைக்குள் முகத்தை நீட்டினார். “வீட்டுக்குள்ள யாராவது செருப்பு போடுவாங்களாம்மா?” என்றார், தமிழில், சத்தமாக. சத்தமாகச் சொன்னால் ஸ்பெயினுக்குப் புரிந்துவிடும் என்று.