விமானம் ஏற்கும் எடை

பயணிகள் ஏறியாயிற்று, கதவும் சாத்தியாயிற்று. எனினும் இருக்கைகள் சில காலியாகவே இருக்கின்றன. கேட்டால் ‘எடைக் கட்டுப்பாடு’ என்கிறார்கள். லடாக்கிலுள்ள லே நகரிலிருந்து கோடையில் புறப்படும் விமானங்களில் இவ்வாறு நேர்வதுண்டு. அங்குப் பணிபுரியும் நம் தமிழ்ப் படைவீரர்கள் இதனை அறிவர். இடமிருந்தும் ஆளை ஏற்ற மறுப்பானேன்?

விமானத்தைக் கட்டும் நிறுவனமே அதற்கு ஓர் உச்ச எடையை வகுத்துவிடுகிறது. நம் நாட்டில் மிகுதியாகப் பறக்கும் ஏர்பஸ் 320 வகைக்கு அது ஏறக்குறைய 78 டன். இறக்கையும் உடலும் சேரும் மூட்டு, சக்கரங்களைத் தாங்கும் கால்கள் ஆகியவற்றின் வலிமையை ஆராய்ந்து கண்ட எண் அது. தரையில் இறங்கும்போது உண்டாகும் அதிர்ச்சியை எண்ணி, இறங்கும் எடையை இன்னும் குறைத்துச் சுமார் 66 டன் என்று வைத்திருக்கிறார்கள். இடையிலுள்ள 12 டன்னும் வழியில் எரிந்து தீரவேண்டிய எரிபொருள். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் விமானம் இரண்டு மூன்று டன்னே எரிக்கும். ஆதலால் அது 78 டன்னோடு கிளம்பலாகாது. கிளம்பினால் உரிய எடையோடு இறங்க இயலாது!

இவை மாறாத வரம்புகள். வேளைக்கு வேளை மாறும் வரம்பு ஒன்று உண்டு. அதனை விதிப்பது காற்று. லே விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் 10,682 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி, கடற்கரையில் உள்ளதில் நூற்றுக்குச் சுமார் 72 பங்குதான். இறக்கையைத் தாங்குவதும் காற்று. என்ஜின் உண்பதும் காற்று. ஆகவே இழப்பு இருமடி. கடற்கரையில் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் எழும்பும் விமானம், அதே எடையோடு லேயில் எழும்புவதற்குச் சுமார் 295 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். எட்டுவதற்கோ என்ஜினுக்கு வலிமை குறைவு. ஓடுபாதையும் சுமார் 9,000 அடியில் முடிந்துவிடுகிறது. வெயில் ஏறினால் இடர்ப்பாடு மிகும்: வெப்பம் மூன்று டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறையும்.

இவ்வளவும் இரண்டு என்ஜின்களும் செவ்வனே இயங்கும்போது. எடையைக் கணக்கிடுவோர் அவ்வாறு நம்பியிருப்பதில்லை. ஓடுபாதையில் விரையும்போதே ஓர் என்ஜின் நின்றுவிடுவதாக வைத்துத்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒரு முடிவு வேகம் குறிக்கப்படுகிறது. அவ்வேகத்துக்கு முன் என்ஜின் நின்றால், எஞ்சிய பாதைக்குள் விமானத்தை நிறுத்திவிட வேண்டும். பின் நின்றால், மற்றொரு என்ஜினைக் கொண்டே எழும்பியாக வேண்டும். லேயில் வேகம் மிகுதியாதலின், நிறுத்தும்போது பிரேக்குகள் ஏற்க வேண்டிய ஆற்றலும் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவுக்கு மிகும். எழும்பிய பின்னரும் கணக்கு முடிவதில்லை. சக்கரங்களை உள்ளிழுத்தபின், ஒற்றை என்ஜினோடு ஆயிரம் அடி முன்செல்வதற்குள் 24 அடியேனும் உயர வேண்டும் என்பது இரட்டை என்ஜின் விமானங்களுக்கான விதி. எதிரே மலை நின்றால் அதுவும் போதாது. லேயைச் சுற்றிலுமோ மலைகளே. இக்கணக்குகளுள் எது மிகக் குறைந்த எடையைத் தருகிறதோ, அதுவே அப்போதைய வரம்பு. நாம் காணும் காலி இருக்கைகள், நிற்கக்கூடும் என்று அஞ்சப்படும் அந்த ஓர் என்ஜினுக்காக விடப்பட்டவை.

இதனாலேயே அங்கு விமானங்கள் பெரும்பாலும் காலையில் வந்து திரும்பிவிடுகின்றன. பிற்பகலில் வெயிலோடு பள்ளத்தாக்குக் காற்றும் வலுக்கும். 2024 ஜூலை இறுதியில் லேயில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் நிலவியபோது பல விமானங்கள் ரத்து செய்யப்பட்டன.

எரிபொருளைக் குறைத்தாலென்ன என்று தோன்றும். போகுமிடத்துக்கு வேண்டியது மட்டுமன்றி, அங்கு இறங்க முடியாவிட்டால் வேறு நிலையத்துக்குச் செல்லவும் இருப்பு வேண்டும். அதில் கை வைக்க முடியாது. எஞ்சியவை சரக்கும் பெட்டிகளும் ஆட்களுமே. தம் பெட்டி அடுத்த விமானத்தில் வருமென்று கேட்டுச் சினங்கொள்வோர், தாம் மட்டுமாவது ஏறிவிட்டதை எண்ணிப் பார்க்கலாம்.