மரக்கறி வாங்குவோரை நேரிற் காணல்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், கடலுக்கும் வாவிக்கும் இடையே எழுவான்கரையில் அமைந்த ஊர் களுதாவளை. இங்குள்ள மணற்பாங்கான நிலத்திற் கிணற்று நீரைக்கொண்டு கத்தரி, மிளகாய், வெண்டி முதலியன செய்கைபண்ணப்படுகின்றன. எல்லாத் தோட்டங்களும் ஒருங்கே காய்க்குங்கால் விலை தாழும். நெல்லைப்போல் மரக்கறியைக் கட்டிவைத்தல் இயலாது. ஆகவே, தோட்டத்துக்கு வரும் வியாபாரி கூறும் விலையே விலையாகின்றது. காய் பறிக்குமுன்னரே வாங்குவோரைக் கண்டு பேசிவைத்தல் இதற்கு ஒரு பரிகாரமாகும்.

யாரைக் காண்பது?

கல்முனை, மட்டக்களப்பு நகரங்களின் உணவுச்சாலைகளுக்கும், வடக்கே பாசிக்குடாவிலுள்ள உல்லாசப் பயண விடுதிகளுக்கும் நாள்தோறும் மரக்கறி வேண்டும். அங்கே கொள்வனவைத் தீர்மானிப்பவர் யாரென முன்னரே விசாரித்து, அவரையே காணல் வேண்டும். மதிய உணவு வேளையிற் செல்லலாகாது. பிற்பகல் 3 மணிக்குப் பின் செல்வது நன்று.

செல்லுமுன் செய்ய வேண்டியவை

1. கொடுக்கக்கூடிய அளவைக் கணக்கிடுக. ஒரு பறிப்பில் 40 கிலோ கத்தரி கிடைக்குமாயின், 30 கிலோவுக்கே வாக்களித்தல் தகும். மழையும் பூச்சியும் எஞ்சியதைக் குறைக்கக்கூடும்.

2. பறிக்கும் நாட்களைக் குறித்துக்கொள்க. வெண்டியை இரண்டு நாளைக்கு ஒருமுறை பறியாவிடில் நார்ப்பற்றும். ஆகவே ஒன்றுவிட்ட ஒருநாள் வாங்குவோரே அதற்கு ஏற்றவர்.

3. 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் அன்றைய விலையையும், வண்டிக்கூலியையும் அறிந்து செல்க.

4. மாதிரிக்குப் பொறுக்கியெடுத்த காயைக் கொண்டுசெல்லற்க. வழமையாகக் கொடுக்கக்கூடிய தரத்தையே காட்டுக. மாதிரிக்குக் குறைந்த காய் பின்னர் சென்றால் நம்பிக்கை கெடும்.

சந்திப்பின்போது

முதலில் விலை பேசலாகாது. எந்தக் காய், எவ்வளவு, எந்தப் பருமனில், எந்த நாளில் வேண்டுமெனக் கேட்டறிக. இப்போது கிடைக்கும் மரக்கறியிற் குறை உளதாவெனவும் வினவுக; அக்குறையை நீக்க முடிந்தவருக்கே இடம் கிடைக்கும். பிற கமக்காரரைப் பழித்துரைத்தல் தகாது. பின்னரே விலை, கழிவு, பணம் தரும் நாள் ஆகியவற்றைத் தெளிவாகப் பேசி எழுதிக்கொள்க. வேண்டாமென்றால் மனந்தளராது, மீண்டும் வரத்தக்க காலத்தைக் கேட்டு, தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து வருக.

வாக்குத் தவறாமை

ஒருமுறை காய் செல்லாவிடில் சமையல் தடைப்படும். வாங்குவோர் வேறிடம் நாடுவர். கொடுக்க இயலாதாயின் முதல்நாள் மாலையே அறிவித்தல் வேண்டும். கட்டளை அவசரமெனினும், பூச்சிநாசினி தெளித்தபின் அதன் சிட்டையிற் குறித்த நாட்கள் கழியுமுன் பறிக்கலாகாது.

பெரிய விடுதியின் தேவையை ஒரு தோட்டம் நிறைவேற்றுவது அரிது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அமைந்த கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர்கள், வாரம் பிந்தி வாரமாக நாற்று நட்டு, முறைவைத்துக் காய் கொடுக்கலாம்.

படுவான்கரை நெற்செய்கையாளருக்கும் இம்முறை பொருந்தும். ஆலைக்காரர் முதலிற் பார்ப்பது நெல்லின் ஈரத்தையே. அதனை நூற்றுக்கு 14 வீதத்துக்கு மேற்படாது உலர்த்தி, மாதிரியுடன் செல்பவர் விலையைத் துணிந்து பேசலாம்.