இரையும் இலையும் – 9: பன்றிக்கு வைத்த பொறி

பிரேசர் டவுனில் கோல்ஸ் பூங்காவைத் தாண்டி, அல்சூர் ஏரிக்கரை வழியாக எம்.ஜி. சாலை முனைக்கு வந்தால், கஸ்தூரிபா சாலையில் செக்கச்செவேலென்று ஒரு பழைய கட்டடம் நிற்கும். 1865இல் தொடங்கிய பெங்களூரு அரசு அருங்காட்சியகம் அதுதான். மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லை அங்கே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். சோழர் வரலாறு படித்தவர்களுக்கு அந்தக் கல்லோடு பழக்கம் இருக்கும். தக்கோலப் போரில் முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் மாண்ட செய்தியை எதிரணியின் வாயால் சொல்லும் கல்வெட்டு அது. சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949–50. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் கங்க அரசன் பூதுகனும் வென்ற கதை அதில் இருக்கிறது.

ஆனால் கல் நட்டது அந்தப் போருக்காக அல்ல. பூதுகனின் வீரன் மணலேரன் போரில் காட்டிய தீரத்தைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் ஊரும் கேட்கவில்லை, பொன்னும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு மலைப்பக்கத்தில் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மீது காளியை ஏவினார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று கிழித்துக்கொண்டு செத்தன. அந்த நாய்க்குத்தான் கல். கல்லுக்கு வழிபாடு நடக்க நிலமும் விட்டிருக்கிறார்கள். நாயும் பன்றியும் பொருதும் காட்சியை மேலே செதுக்கியிருக்கிறார்கள்.

தேன், கிழங்கு, நண்டு என்று இத்தனை வாரம் எழுதிவிட்டு இந்த வாரம் பன்றிக்கு வருகிறேன். காட்டுணவில் இதைவிட ஆபத்தானதும் இல்லை, இதைவிட விரும்பப்பட்டதும் இல்லை. நன்றாக வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தொடும். பார்வை மட்டம், மோப்பமும் காதும் படுகூர்மை. கீழ்த்தாடைக் கொம்பு மேல்தாடைப் பல்லோடு ஓயாமல் உரசுவதால் தானாகவே தீட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். தோள்பட்டையை மூடினாற்போலத் தடித்த தோலும் குருத்தெலும்பும் சேர்ந்து ஒரு கேடயம். முன்பக்கத்தில் குத்தினால் ஈட்டி வழுக்கும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டில் இறங்கவேண்டும். காயப்பட்ட பன்றி பல நேரம் ஓடாது, திரும்பும். அதனால்தான் நாய் வேண்டியிருக்கிறது. நாய்கள் அதை வளைத்து ஓரிடத்தில் நிறுத்தி, அதன் கவனத்தைத் தம் பக்கம் இழுத்துவைத்தால்தான் மனிதனுக்குப் பக்கவாட்டில் நெருங்க வழி கிடைக்கும். காளிக்கு ஏன் கல் நட்டார்கள் என்பது, இந்த வேட்டையில் ஒருமுறையாவது நின்றவனுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

நாய் இல்லாமலும் பன்றி பிடித்தார்கள். நம் சங்க நூல்களே இதற்குச் சாட்சி. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்ற வேட்டுவர் நீர்நிலைக்குப் பக்கத்தில் குழி வெட்டி, அதற்குள் ஒடுங்கியிருந்து, நள்ளிரவில் தண்ணீர் குடிக்க வரும் பன்றிக்காகக் காத்திருக்கிறார்கள். தரைமட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டால் மனித வாடை அவ்வளவாக எழும்பாது, உருவமும் தெரியாது. அம்பு பன்றியின் அடிவயிற்று உயரத்திலேயே போகும். இரவு வேட்டை பொய்த்துப்போனால் மறுநாள் பகலில் நாய்களோடு போய், வேலியோரம் வலை கட்டி முயலை வளைப்பார்கள். இது வெறும் வருணனை என்று எனக்குத் தோன்றவில்லை. குழியின் இடம், பொழுது, மாற்று ஏற்பாடு மூன்றையும் பார்த்தவர் வாயிலிருந்து கேட்டுத்தான் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதியிருக்கவேண்டும்.

மலைநாட்டில் முறை வேறு. தினைப்புனத்தைப் பன்றி உழுதுபோட்டுவிடும் என்ற அச்சத்தில், அது நுழையும் புழைதோறும் கல்பொறி வைத்தார்கள். அடார் என்று அதற்குப் பெயர். கனத்த பலகைக்கல்லைச் சாய்வாக நிறுத்தி, சிறு முட்டுக்கோல் ஒன்றின்மேல் அதன் பாரத்தை ஏற்றிவிடுவது. பன்றி கோலைத் தட்டினால் கல் விழும். இரும்பு வேண்டாம், ஆள் வேண்டாம். பன்றி எந்த வழியாக வரும் என்று துல்லியமாகத் தெரிந்திருந்தால் போதும். பெருங்குன்றூர் கிழார் பாடிய நற்றிணைப் பாட்டொன்றில் தினை தின்னும் பன்றிக்கு வைத்த அடாரில் புலி அகப்பட்டுவிடுகிறது. பழைய பொறி தப்பே செய்யாது என்று யாரும் சொல்லவேண்டாம்; அதுவும் ஆள் பார்க்காமல் விழும் கல்தான். இருந்தாலும் மலைபடுகடாம் சொல்லும் ஒரு செய்தி என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. நன்னன் என்ற மன்னனைக் காணப் போகும் கூத்தருக்கு வழி சொல்பவர், பொறிகள் இருக்கும் இடத்தைச் சொல்லி, பொழுது விடிந்த பிறகு புறப்படுங்கள் என்று எச்சரிக்கிறார். வேற்றூர்க்காரனுக்கும் பொறி இருக்கும் இடம் தெரிந்தாகவேண்டும். வைத்தவனுக்கு அது ஒரு கடமை.

அந்தமானுக்குப் போனால் இதே அறிவு வேறு வடிவம் எடுக்கிறது. பெரிய அந்தமானியர் பன்றிக்கென்றே தனியாக ஓர் அம்பு வைத்திருந்தார்கள். முனை தனி, தண்டு தனி. இரண்டையும் ஒரு கயிறு இணைக்கும். அம்பு தைத்ததும் முனை சதைக்குள் தங்கிவிடும், தண்டு கழன்று கயிற்றோடு தொங்கும். பன்றி அடர்ந்த புதருக்குள் பாயும்போது அந்தத் தண்டு கொடியிலும் வேரிலும் குறுக்கே சிக்கி, அதை நிறுத்திவிடும். பத்தடி தள்ளி இருப்பதே கண்ணுக்குத் தெரியாத மழைக்காட்டில், அடிபட்ட விலங்கு எங்கோ போய்ச் செத்து வீணாகக் கூடாது என்று யோசித்து யோசித்துச் செய்த கருவி. ஓர் அம்பின் தலையில் இவ்வளவு சிந்தனை இருப்பதைக் கண்டால் எனக்கு மரியாதை வருகிறது. 1858இல் பிரிட்டிஷார் அங்கே தண்டனைக் குடியேற்றம் அமைத்த பிறகே நாய்கள் வந்தன. வந்த வேகத்தில் வேட்டை முறையையே மாற்றின.

அந்தமானின் இன்னொரு குடியான ஜாரவாக்கள் நாயின் துணையில்லாமல் வில்லை நம்பியே பன்றி வேட்டையாடியவர்கள். வெள்ளைக்காரர்கள் அந்தமானில் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் காடு முழுக்கப் பெருகியபோதும் அதை அவர்கள் இரையாக எண்ணவில்லை. பன்றிதான் இறைச்சி.

கொன்ற பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு சமூகத்தின் குணம் வெளிப்படும். 1906–08இல் அந்தமானில் தங்கிக் குறிப்பெடுத்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் எழுதிவைத்தபடி, பலர் சேர்ந்து போன வேட்டையில் முதலில் எவன் அம்பு தைத்ததோ பன்றி அவனுடையது. குடலை அங்கேயே எடுத்துவிடுவார்கள். அது முதலில் கெடும் பாகம், அதனால் காட்டிலேயே சுட்டுத் தின்றுவிடுவார்கள். உடலைக் கட்டி முதுகில் சுமந்து குடிலுக்குக் கொண்டுவருவார்கள். நெருப்பில் முழுசாக வாட்டி, மயிர் பொசுங்கித் தோல் இறுகியபின் அறுத்துப் பங்கு போடுவார்கள். பன்றி ஒருவனுடையதுதான், ஆனால் கறியை அவன் தனக்கென்று வைத்துக்கொண்டால் ஊர் அவனை மனிதனாக மதிக்காது. ஜாரவாக்கள் குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, இலைக்குள் வைத்து மூடி வேகவைப்பார்கள். அந்தமானின் மற்றொரு குடியான ஓங்கேக்களின் குடில்களில் பன்றி மண்டையோடுகளை வரிசையாகச் சேர்த்துவைக்கும் வழக்கம் இருந்தது.

நம் பக்கத்து வேட்டைக் கிராமங்களிலும் இதுவேதான்: வைக்கோலிலோ சருகிலோ போட்டு மயிர் பொசுக்கி, தேய்த்துக் கழுவி, தோலோடும் நிணத்தோடும் வெட்டி, இலை பரப்பிக் கூறு போடுவது. தோலை உரிக்காததற்குக் காரணம் ருசி மட்டும் அல்ல. ஒட்டிய கொழுப்பு வீணாகக் கூடாது என்பதும்தான். மலையில் கொழுப்பு அரிது. மிஞ்சியதை உப்புக்கண்டம் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகையே காவல். நன்றாக வேகவைத்தே தின்னவேண்டும் என்ற கண்டிப்புக்கும் காரணம் உண்டு. பன்றிச் சதையில் நாடாப்புழுவின் கருவும் சுருள்புழுவும் இருக்கலாம். அதற்குப் பெயர் தெரியாத காலத்திலும் அரைவேக்காட்டுப் பன்றி ஆகாது என்பது தெரிந்திருந்தது.

எங்கள் பிரேசர் டவுன் இறைச்சிக்குப் பேர்போன இடம். ரம்ஜான் இரவுகளில் மசூதிச் சாலையில் கால்வைக்க இடமிருக்காது. ஆனால் பன்றி என்றால் பெங்களூர்க்காரர் மனதில் வருவது கூர்க் சமையல். கொடவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை, ஆனாலும் வேட்டை அவர்கள் வாழ்வின் நடுவில் இருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போத் நாளில் துப்பாக்கியையும் கத்தியையும் பூச்சூட்டி வணங்கி, பன்றிக்கறியும் கடம்புட்டும் சாப்பிடுவார்கள். கறிக்குக் கறுப்பு நிறத்தையும் புளிப்பையும் தருவது காச்சம்புளி: குடம்புளிப் பழச்சாற்றைச் சுண்டக் காய்ச்சி எடுக்கும் கெட்டிச் சாறு. மல்லி, சீரகம், மிளகு, கடுகு, வெந்தயத்தைக் கருக வறுத்துப் பொடித்துக் கடைசியில் போடுவார்கள். கடினமான காட்டுச் சதையை மெத்தென்று ஆக்கவும், நாட்கணக்கில் கெடாமல் வைக்கவும் புளிப்பு உதவியது. இன்று உணவகத்தில் நமக்கு வைப்பது பண்ணைப் பன்றி. வேட்டையின் சமையல் மட்டும் நகரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வேட்டை வரவில்லை, வரவும் கூடாது. காட்டுப்பன்றிக் கறி என்று சொல்லி யாராவது உங்களிடம் விற்க வந்தால் அது குற்றம், வாங்குவதும் குற்றம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டுப்பன்றி காக்கப்பட்ட விலங்கு. 2022 திருத்தத்துக்குப்பின் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்குத் தேனும் கிழங்கும் மேய்ச்சலும் திருப்பித் தந்தது, வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவைத்தது. 1972 சட்டத்தின் 65ஆம் பிரிவு நிக்கோபார் பழங்குடிகளின் வேட்டை உரிமையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. பெங்களூருக்குத் தெற்கே பிலிகிரிரங்கன மலையில் கேழ்வரகு விதைத்து, இரவில் காவல் இருந்து பன்றியை விரட்டி வாழ்ந்த சோளகர்கள், 1974இல் அந்த மலை சரணாலயமானதும் காட்டெரிப்பு வேளாண்மையையும் வேட்டையையும் சேர்த்தே இழந்தார்கள். தடையின் நோக்கம் நல்லது. துப்பாக்கியும் சந்தையும் சேர்ந்து காடுகளைக் காலிசெய்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் குழிக்குள் உட்கார்ந்திருந்தவனையும் லாரியில் கறி ஏற்றியவனையும் சட்டம் ஒரே பெயரில் அழைத்தது.

இப்போது காட்டோரத்தில் பன்றிதான் விவசாயியின் பெருந்தொல்லை. நிலக்கடலை, மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி எதையும் விடாது. எதிர்த்து வருவது எது? மின்வேலியும் அவுட்டுக்காயும். பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ வெடிமருந்தைப் பொதிந்து வைப்பதுதான் அவுட்டுக்காய். கடித்த விலங்கின் தாடை சிதறும், உடனே சாகாது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காகப் போட்ட கள்ள மின்வேலியில் 3 யானைகள் மாண்டன. இரவில் நடந்து போகும் மனிதர்களும் இந்தக் கம்பிகளில் சாகிறார்கள். விடிந்த பிறகு போ என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. இவற்றைப் பழங்குடி வேட்டை என்று செய்தித்தாள்கள் ஒரே மூச்சில் சேர்த்து எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அம்புக்குக் கயிறு கட்டியவனின் அறிவில் இப்படி ஒரு கொடுமைக்கு இடமே இல்லை.

அரசுகளும் இப்போது கொல்லத்தான் சொல்கின்றன. 2022இல் கேரளம், பயிரழிக்கும் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது, சுட்டதைப் புதைத்துவிடவேண்டும். தமிழ்நாடு 2025 ஜனவரியில் காட்டெல்லையிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டது. 1 கிலோமீட்டர் வரை தொடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். ஆக, பன்றி சாகப்போகிறது என்பது முடிவாகிவிட்டது. யார் கொல்வது, எப்படிக் கொல்வது, அந்த உடல் என்னாவது என்பதுதான் மிச்சம். பன்றியின் புழை எது, எந்தக் காற்றில் வரும், குட்டி போட்ட தாயா இல்லையா என்று தடம் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் மலையடிவாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

நடக்காத காரியத்தைக் கேட்கிறேனா? முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டு இருளர்கள் பிழைப்பிழந்து நின்றபோது, 1978இல் சென்னைக்குத் தெற்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, பிடித்த காட்டிலேயே திருப்பி விடுகிறார்கள். உரிமம் வனத்துறையுடையது, கை இருளருடையது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அந்தக் கைதான் ஆதாரம். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே ஏற்பாட்டைப் பன்றிக்கும் யோசிக்கலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவது என்று முடிவானால், தடம் பார்க்கும் வேலைக்குப் பழங்குடியினரைக் கூலி கொடுத்து வனத்துறை அமர்த்தட்டும். 2023 தொடக்கத்தில் முதுமலைப் பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்ததை மறக்கக் கூடாதுதான். அதனால் கால்நடை மருத்துவர் பார்த்து, நோயில்லை என்று சான்று கொடுத்த உடலை மட்டும், விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அந்தக் குடிகளுக்கே கொடுக்கலாம். இப்படிச் செய்யச் சட்டத்தில் திருத்தம் வேண்டும்; சட்டமன்றத்தில் யாராவது எழுந்து கேட்கவேண்டும். பவானிசாகரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் போன உறுப்பினர்கள் தொடங்கிவைக்கலாம்.

(அடுத்த வாரம்: உப்புக்கண்டம்)